மத்தியானத்தில் மட்டும் உடையும் படம்

வேலூர் சத்துவாச்சாரியில் என் சித்தப்பா வீடு கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடியுமாக இருக்கிறது. பெரியவனுக்குக் கல்யாணமானபோது முதல் மாடி எழும்பியது, சின்னவனுக்கு ஆனபோது இரண்டாவது. வீடு வளர வளர கேபிள் டிவி வயரும் கூடவே மாடியேறியது. போன அக்னி நட்சத்திரத்தில் அங்கே போயிருந்தபோது சித்தி ஒரு விநோதமான புகார் சொன்னார்.

"மேல் வீட்டு டிவி காலையில நல்லாத்தான் ஓடுது. ராத்திரியும் நல்லா ஓடுது. மத்தியானம் ஒரு மணி ஆனா கட்டம் கட்டமா உடையுது. அஞ்சு மணிக்கு மேல அதுவா சரியாயிடுது. இன்னான்னே புரியல."

கேபிள்காரத் தம்பி இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். அவர் வருவதோ காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். "ஒண்ணும் கோளாறு இல்லயே சித்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். செட்டாப் பாக்ஸ் சூடாகிறது என்று சின்னவன் அதன்மேல் சின்ன ஃபேன்கூட வைத்துப் பார்த்திருந்தான். பயன் இல்லை.

கோளாறு பாக்ஸில் இல்லை, டிவியிலும் இல்லை. பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகப்பட்ட ஸ்ப்ளிட்டர்களில் இருந்தது. வேலூர் வெயில் அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

ஸ்ப்ளிட்டர் என்பது தீப்பெட்டி அளவு உலோக டப்பா. ஒரு பக்கம் ஒரு வாய், மறுபக்கம் இரண்டோ மூன்றோ நான்கோ வாய். கரண்டுக்குப் போடும் மல்டி பிளக் மாதிரிதான் இதுவும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மல்டி பிளக்கில் நான்கு சாமான் செருகினாலும் நான்குக்கும் அதே 230 வோல்ட் கிடைக்கும். ஸ்ப்ளிட்டர் அப்படியில்லை. வருகிற சிக்னலை அது பங்கு போடுகிறது. இரண்டு வாய் என்றால் ஆளுக்குப் பாதி, நான்கு வாய் என்றால் கால். ஒரு வாயில் டிவியே மாட்டவில்லை என்றாலும் அந்தப் பங்கு மற்ற வாய்களுக்குத் திரும்பி வராது, போனது போனதுதான்.

இந்தப் பங்கை கேபிள்காரர்கள் டெசிபலில், அவர்கள் வாய்மொழியில் 'டிபி'யில், கணக்குப் பார்க்கிறார்கள். மூன்று டிபி குறைந்தால் சிக்னல் பாதி, பத்து டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. கூட்டல் கழித்தலிலேயே கணக்கு முடிந்துவிடும் என்பதுதான் டிபியின் வசதி. டூ-வே ஸ்ப்ளிட்டரின் முகத்தில் 3.5 என்று அச்சடித்திருக்கும். மூன்று டிபி பங்கு போட்டதில் போகிறது, மீதி அரை டிபி உள்ளே இருக்கும் பொருளே தின்றுவிடுவது. ஃபோர்-வேயில் 7, எட்டு வாய் உள்ளதில் சுமார் 11. கடையில் கிடைக்கும் சாதா ரகங்களில் அச்சடித்ததைவிட அரை டிபியோ ஒரு டிபியோ கூடுதலாகவே போகும் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பழைய டூ-வே ஒன்றின் பின் மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு ஃபெரைட் உருண்டைகள், அவற்றின் துளைக்குள் தலைமுடி போன்ற செப்புக் கம்பி சில சுற்று, இரண்டு வெளி வாய்களுக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டர் பெரும்பாலும் 150 ஓம் இருக்கும், டிவி கேபிளின் 75 ஓமைப் போல இரு மடங்கு. அதன் வேலை, ஒரு டிவி பக்கத்தில் மோதித் திரும்பி வரும் சிக்னல், அதாவது எதிரொலி, இன்னொரு டிவிக்குள் புகாமல் தடுப்பது. நல்ல ஸ்ப்ளிட்டரில் இரண்டு வாய்களுக்கு இடையே இருபது டிபிக்கு மேல் இந்தத் தடுப்பு இருக்கும். மட்டமான சில டப்பாக்களில் ஃபெரைட்டே இருக்காது, வெறும் ரெசிஸ்டர்கள்தான். அவற்றில் டூ-வேயிலேயே ஆறு டிபி போய்விடும். அதைவிட மட்டமானதில் மூன்று வயரையும் ஒன்றாகப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி பளபளப்பு.

சித்தப்பா வீட்டுக்கு வருவோம். தெருக் கம்பத்திலிருந்து வயர் கேட்டைத் தாண்டி வந்ததும் ஒரு டூ-வே. அதிலிருந்து ஒன்று கீழ் ஹாலுக்கு, இன்னொன்று மாடிக்கு. முதல் மாடியில் இன்னொரு டூ-வே. ஒன்று பெரியவன் டிவிக்கு, மற்றது அதற்கும் மேலே. இரண்டாம் மாடியில் சின்னவன் டிவிக்குப் பின்னால் ஒரு ஃபோர்-வே! அங்கே இருப்பது ஒரே ஒரு டிவி. மற்ற மூன்று வாயும் சும்மா திறந்து கிடந்தன. "பின்னாடி ரூமுக்கு ரூம் போட்டா உதவும்னு வாங்கிப் போட்டேன்" என்றார் சித்தப்பா. வயரும் பழைய மெல்லிய ஆர்ஜி-59.

மூன்றாம் முறை கேபிள்காரத் தம்பியைச் சிரமப்படுத்தி மத்தியானத்துக்கே வரச் சொன்னோம். அவருடைய கைமீட்டரில் கேட்டருகே காலையில் 70 (டிபி மைக்ரோவோல்ட்) காட்டியிருந்தது. அதிலிருந்து முதல் டூ-வேக்கு நான்கு, இரண்டாவதுக்கு நான்கு, ஃபோர்-வேக்கு எட்டு. கீழிருந்து மேல் வரை சுற்றி வளைத்து ஓடிய முப்பத்தைந்து மீட்டர் பழைய வயரில் எட்டரை. ஆக மொத்தம் இருபத்து நான்கரை போய், மேல் டிவிக்குக் கிடைப்பது 45.5. செட்டாப் பாக்ஸ்கள் 45-ஐ ஒட்டி வந்தாலே தடுமாறத் தொடங்கும். அதாவது அந்த டிவி வருஷம் முழுக்க விளிம்பில் நின்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

வெயில் வந்த இடம் இதுதான். கேபிள் வயர் சூடாக ஆக அதன் இழப்பு கூடும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.2 சதவீதம். கேட்கச் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்பு வயர் மே மாத வேலூரில் காற்றின் நாற்பது டிகிரியோடு நிற்பதில்லை, நேர் வெயிலை வாங்கி இன்னும் இருபது டிகிரி ஏறிவிடும். ராத்திரிக்கும் மத்தியானத்துக்கும் முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம். சில நூறு மீட்டர் தெரு லைனில் இது இரண்டு டிபியாகிவிடுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு அதே கேட்டில் மீட்டர் 68 காட்டியது. மேலே 43.5. படம் உடைந்தது. கீழ் ஹாலிலும் அதே இரண்டு டிபி குறைந்துதான் இருந்தது. ஆனால் அங்கே இருப்பு அறுபதுக்கு மேல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு ஸ்ப்ளிட்டர் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், டிஜிட்டலுக்கு முந்தைய காலத்திலிருந்து. எங்கள் பக்கத்தில் முதலில் மொட்டை மாடியில் உயரமான பைப் நட்டு ஆண்டெனாவைச் சென்னை திசைக்குத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. வேலூரோ அங்கிருந்து நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல். படத்தில் புள்ளி பறப்பது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். பிறகு கேபிள் வந்தது. அதுவும் அனலாக்தான். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். இன்னொரு ஸ்ப்ளிட்டர் போட்டாலும் 'லேசாப் புள்ளி அடிக்குது, பரவாயில்லை' என்று போய்விடும். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-இல் உருவாகி, 2011 செப்டம்பரில் மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்பு கொடுக்கத் தொடங்கியபோதுகூட வீட்டுக்குள் வந்தது அனலாக்தான். செட்டாப் பாக்ஸ் எங்கள் ஊர்களுக்குப் பரவலாக வந்தது 2017-ஐ ஒட்டி.

டிஜிட்டலுக்கு இந்த 'லேசா' என்பதே கிடையாது. சிக்னல் போதுமான அளவு இருக்கும்வரை படம் முழுசாக இருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஒரேயடியாக உடையும், உறையும், கறுப்பாகும். ஆகவே நன்றாகத் தெரியும் படத்தைப் பார்த்துச் சிக்னலும் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் வலிமை, தரம் என்று இரண்டு கோடுகள் காட்டும் இடம் பெரும்பாலும் இருக்கும். அதை மத்தியானத்தில் ஒருமுறை, ராத்திரியில் ஒருமுறை பாருங்கள். மீட்டர் இல்லாத வீட்டுக்கு அதுதான் மீட்டர்.

சரி, எதை வாங்குவது? முதலில் எண்ணிக்கை. எத்தனை டிவி இருக்கிறதோ அத்தனை வாய்தான் வேண்டும், வரப்போகிற டிவிக்காக இப்போதே வாய் வாங்கக் கூடாது. இரண்டாவது, ஒன்றின்பின் ஒன்றாக அடுக்காமல் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரே ஸ்ப்ளிட்டர் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு டிவிக்கும் தனி வயர் இழுப்பது. வயர் கூடுதலாகத்தான் செலவாகும். ஆனால் பத்து மீட்டர் நல்ல ஆர்ஜி-6 வயரில் போவது இரண்டு டிபிதான், ஒரு டூ-வேயில் போவது அதைப்போல இரு மடங்கு. வயருக்குக் கஞ்சத்தனம் பார்த்து ஸ்ப்ளிட்டரைக் கூட்டுவது நஷ்டக் கணக்கு.

மூன்று டிவி உள்ள வீட்டுக்குத் த்ரீ-வேயை நான் விரும்பிச் சொல்வேன். அதன் முகத்தைக் கவனித்தால் ஒரு வாயில் 3.5 என்றும் மற்ற இரண்டில் 7 என்றும் இருக்கும். உள்ளே இருப்பது ஒரு டூ-வே, அதன் ஒரு காலில் இன்னொரு டூ-வே. அதனால் தூரத்து டிவிக்கு 3.5, பக்கத்து டிவிகளுக்கு 7 என்று கொடுத்துவிடலாம். மூன்று வாயிலும் சமமாக 5.5 உள்ள ரகமும் உண்டு. கடையில் வெறுமனே 'த்ரீ-வே கொடுங்க' என்றால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது, எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்புறம் அலைவரிசை. கேபிள் டிவிக்கு 5 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் போதும், நம் கேபிள் சேனல்கள் 862 மெகாஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடுகின்றன. 2400, 2500 என்று பெரிய எண் போட்டதை 'பவர்ஃபுல்' என்று கடைக்காரர் எடுத்துக் காட்டுவார். அது டிஷ்ஷுக்கானது. கேபிளுக்கு அதனால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

தெருவில் கம்பத்தில் தொங்குவது ஸ்ப்ளிட்டர் இல்லை, டேப். அது லைனிலிருந்து கொஞ்சமே கிள்ளி வீட்டுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை அப்படியே அடுத்த கம்பத்துக்கு அனுப்பும். டேப்பின் எண் பெரிதாக ஆக வீட்டுக்குக் கிள்ளுவது குறையும். தெருவில் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து வீட்டில் 20 டிபி டேப் போட்டால், தெருக் கடைசியில் 8 டிபி டேப். பக்கத்து வீட்டுக்குக் குறைவாகக் கிள்ளு, தூரத்து வீட்டுக்கு அதிகமாகக் கிள்ளு என்பதுதான் சூத்திரம். நல்ல கேபிள்காரரின் கைவேலை இதில்தான் தெரியும். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் ஏறத்தாழ ஒரே சிக்னல் போகிறது என்றால், யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வயர் வாங்கும்போது நடுக்கம்பியில் காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டினால் 'டூப்ளிகேட்' என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். இரும்புக் கம்பிக்குச் செம்பு பூசிய ரகம் அது. டிவி சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும் என்பதால் கேபிளுக்கு அதுவே போதும். டிஷ்ஷுக்கு நீளமாக இழுப்பதானால் மட்டும் முழுச் செம்பு நல்லது, ஏனென்றால் அங்கே அதே வயரில் கரண்டும் போக வேண்டும். நான் காந்தத்தைவிட மேலே இருக்கும் வலைப்பின்னலைத்தான் பார்ப்பேன். தோலை உரித்தால் பின்னல் அடர்த்தியாக, அடியில் அலுமினியத் தாளோடு இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து முடி மட்டும் ஆங்காங்கே ஓடினால் அந்த வயர் வேண்டாம்.

ஸ்ப்ளிட்டரைவிட அதிகம் கெட்டுப்போவது கனெக்டர்தான். வெளித்தோலை வெட்டி, பின்னலை முழுக்கப் பின்னால் மடித்துவிட்டு, வெள்ளை நுரைப் பகுதி கனெக்டரின் உள்தரையோடு சமமாக உட்கார வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். பின்னலில் ஒரே ஒரு முடி நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் ஷார்ட் ஆகி மொத்தச் சிக்னலும் போய்விடும். கம்பி குட்டையாக இருந்தால் வேறு மாதிரி வேடிக்கை. உள்ளே ஒழுங்காகத் தொடாவிட்டாலும் உயர்ந்த அலைவரிசை சேனல்கள் அந்த இடைவெளியைத் தாண்டி வந்துவிடும், தாழ்ந்தவை மட்டும் காணாமல் போகும். மாறாக நீள வயர், பழைய வயர், தண்ணீர் இறங்கிய வயர் என்றால் உயர்ந்த அலைவரிசை சேனல்கள்தான் முதலில் உடையும். எந்தச் சேனல்கள் உடைகின்றன என்று ஒரு தாளில் குறித்து வைத்துக் கேபிள்காரரிடம் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தால் வெட்டி எறியுங்கள். மொட்டை மாடிப் பக்கம் வைக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மேல் ஒரு மூடி வேண்டும், வயர் கீழே ஒரு வளைவு வளைந்து, கீழிருந்து மேலாக அதில் நுழைய வேண்டும். மழைத் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ளிட்டருக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். சும்மா இருக்கும் வாய்க்கு 75 ஓம் டெர்மினேட்டர் என்ற சின்ன மூடியைத் திருகி வையுங்கள். அதனால் சிக்னல் கூடிவிடாது, எதிரொலியும் ஈரமும் மட்டும் அடங்கும்.

பூஸ்டர் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று கேட்பார்கள். பூஸ்டர் நல்ல சிக்னலையும் இரைச்சலையும் சேர்த்தேதான் பெருக்கும். ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் போட்டால் பயன் உண்டு. உடைகிற டிவிக்குப் பின்னால் போட்டால் உடைந்ததைத்தான் பெரிதாக்கும். முதலில் ஸ்ப்ளிட்டரைக் குறையுங்கள், அதன்பிறகும் தேவைப்பட்டால் பூஸ்டர்.

டிஷ் வைத்த வீட்டில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. டிஷ்ஷின் மூக்கில் இருக்கும் எல்என்பி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பும். பாக்ஸ் அதே வயரில் திரும்ப 13 அல்லது 18 வோல்ட் அனுப்பி, எந்த அலை வேண்டும் என்று கட்டளையிடும். கேபிள் ஸ்ப்ளிட்டரை அங்கே மாட்டினால் சிக்னலும் சரியாகப் போகாது, கரண்டும் போகாது. டிஷ்ஷுக்கான ஸ்ப்ளிட்டரை மாட்டினாலும் ஒரு பாக்ஸ் 18 கேட்க, இன்னொன்று 13 கேட்க, 18-தான் ஜெயிக்கும். இன்னொரு அறையில் பாதிச் சேனல் மறைந்துவிடும். இரண்டு பாக்ஸுக்கு இரட்டை வாய் எல்என்பி, நான்குக்கு நான்கு வாய் எல்என்பி, டிஷ்ஷிலிருந்து தனித்தனி வயர். வீட்டுக்கு எளிய வழி இதுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பல தெருக்களில் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் ஏதோ ஒரு வீட்டிலிருந்துதான் போகும். அதில் கசிவு இருந்தால் டிவி வயரின் பின்னலைத் தொட்டாலே 'சுர்'ரென்று இழுக்கும். வயரைக் கழற்றும் முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் கையை வைக்காமல் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். கோடை மழைக்கு முன்னால் இடி விழும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். முடிந்தால் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பின்னலை எர்த் செய்து வைப்பது நல்லது.

சித்தப்பா வீட்டில் அரை நாள் வேலை. லாங் பஜார் பக்கம் போய் ஆர்ஜி-6 வயரும் ஒரு த்ரீ-வேயும் வாங்கி வந்தோம். மாடிப்படிக்குக் கீழே, வெயிலும் மழையும் படாத இடத்தில் அதைத் திருகி, 3.5 வாயை இரண்டாம் மாடிக்கும் மற்ற இரண்டை ஹாலுக்கும் முதல் மாடிக்கும் கொடுத்தோம். மேலே போகும் வயர் இப்போது நேராக இருபத்தைந்து மீட்டர்தான். சாயந்திரம் ஐந்தரைக்கு மீட்டர் வைத்துப் பார்த்தபோது மூன்று டிவியிலும் அறுபதை ஒட்டியே காட்டியது. மறுநாள் இரண்டு மணி வெயிலிலும் மேலே ஐம்பத்தொன்பது இருந்தது.

கழற்றிய மூன்று ஸ்ப்ளிட்டரையும் சித்தப்பா துடைத்து, ஆணி டப்பாவில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். ஃபோர்-வேயை மட்டும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வாய் இருந்துச்சு. காசையும் குடுத்து மூணா கொறச்சிட்டியேடா."